குரங்கு போய்விட்டது, நாய் ஜெயித்துவிட்டது

சாட்ஸ்வர்த்தில் இருக்கும் அக்கா ஒருவர் எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "தம்பி, நீங்க அறிவியலெல்லாம் எழுதுறீங்களே, எங்க டைகருக்கு ஒரு வழி சொல்லுங்க. குரங்கு வந்தா குரைக்கிறான், ஹடீடாப் பறவை கத்தினா குரைக்கிறான், கேட் பக்கம் யார் நடந்தாலும் குரைக்கிறான். நகராட்சிக்கு எழுதிப் போடுவோம்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டாங்க. மாமியார் வேற, ராத்திரி ஊளையிடுறது வீட்டுக்கு ஆகாதுங்கிறாங்க." அவர் பேசி முடிக்கும்வரை பின்னால் டைகரின் குரலும் ஓயாமல் கேட்டது.

வெளியூர் வாசகர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சாட்ஸ்வர்த், டர்பனுக்குத் தெற்கே நிறவெறி அரசு இந்தியர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய பகுதி. மேடும் பள்ளமுமான நிலம், நெருக்கமான வீடுகள், பல தெருக்களுக்குப் பின்னால் புதர்க்காடு. அந்தக் காட்டில் வெர்வெட் குரங்குகள் கூட்டமாக வாழ்கின்றன. மா, அவகாடோ, லிச்சி என்று எது காய்த்தாலும் சுவர்மேல் வரிசையாக வந்துவிடும். திருட்டுப் பயத்தால் ஏறக்குறைய வீட்டுக்கு ஒரு நாய். எனவே அக்காவின் கேள்வி அந்தத் தெரு முழுவதற்குமான கேள்வி.

குரல்வளை அதிர்ந்து ஒலி வருவது பள்ளிப் பாடம், அதை விட்டுவிடுவோம். காதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதுவும் இளவயதில். நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். ஒன்றுமே இல்லாததற்குக் குரைக்கிறது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கிறது, நமக்குத்தான் கேட்கவில்லை.

முதலில் செய்ய வேண்டியது, குரைப்பைக் காது கொடுத்துக் கேட்பது. 2004இல் கலிஃபோர்னியாவில் சோஃபியா யின், பிரெண்டா மெக்கோவன் இருவரும் நாய்களின் குரைப்பைப் பதிவு செய்து அலசினார்கள். அந்நியர் வந்தால் குரைப்பு கனத்து, கரகரத்து, அடுக்கடுக்காக வரும். தனியே அடைத்துவிட்டால் குரல் உயர்ந்து, தெளிந்து, விட்டு விட்டு வரும். புடாபெஸ்டில் பீட்டர் பொங்க்ராட்ஸ் குழுவினர் இத்தகைய பதிவுகளை மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நாயே வளர்க்காதவர்கள்கூட இது கோபம், இது தவிப்பு என்று ஓரளவு சரியாகச் சொன்னார்கள். ஆகவே அக்காவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் குரல்ல குரைக்கிறான்?" என்பதுதான். வீட்டில் யாரும் இல்லாதபோது மட்டும் உயர்ந்த குரலில் குரைக்கும் நாய்க்குப் பிரச்சினை தனிமை. அதற்கு வைத்தியம் வேறு. டைகரின் குரைப்பு கனமானது, இடைவெளி இல்லாதது, எப்போதும் சுவரைப் பார்த்து.

குரைக்கும் நாயை உற்றுப் பாருங்கள். முன்னங்கால் சுவரை நோக்கிப் பாய்கிறது, பின்னங்கால் அரை அடி பின்வாங்குகிறது. மறுபடி பாய்கிறது. போகவும் முடியவில்லை, விட்டு ஓடவும் மனமில்லை. 2009இல் கேத்ரின் லார்ட், மார்க் ஃபைன்ஸ்டீன், ரேமண்ட் காப்பிங்கர் மூவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். குரைப்பு என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட விலங்கின் ஒலி. பாம்பைக் கண்ட மைனாக்கள் கூட்டமாகக் கூடிக் கத்துமே, அதே வகை. (டர்பன் மைனாவும் நம்மைப் போல இந்தியாவிலிருந்து வந்ததுதான்.) குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியைச் சிறுவயதில் நம்பி நான் காலில் வாங்கியிருக்கிறேன். குரைக்கிற நாய் இன்னும் முடிவெடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒதுங்க இடம் இல்லாமல் நெருக்கினால் எந்தப் பக்கமும் முடிவெடுக்கும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அக்கா வீட்டு வராந்தாவில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். நாலரை மணி இருக்கும். சுவரில் முதல் குரங்கு தெரிந்தது, சாம்பல் உடம்பு, கறுத்த முகம். டைகர் எழுந்து பாய்ந்தான். குரங்கு அவனைப் பார்த்தது, அவகாடோ மரத்துக்குத் தாவியது, ஒரு காயைப் பறித்து இரண்டு கடி கடித்தது, மீதியைக் கீழே போட்டது, அடுத்த வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது. பின்னால் வந்த ஏழெட்டும் அதே வழியில் போயின. எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்கூட இல்லை. டைகர் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து என் காலடியில் படுத்தான்.

இதை நாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஓர் ஆபத்து வந்தது. குரைத்தேன். போய்விட்டது. குரங்குக்கூட்டம் தினமும் இரை தேடி இடம் மாறிக்கொண்டே இருப்பது, டைகர் வாயே திறக்காவிட்டாலும் போயிருக்கும். அது அவனுக்குத் தெரிய வழியில்லை. தெருவில் நடப்பவரும் அப்படித்தான், கேட்டைத் தாண்டித் தன் வேலைக்குப் போகிறார். கூரியர்காரர் பெட்டியைக் கொடுத்துவிட்டு வண்டியேறுகிறார். நாயின் கணக்கில் மூன்றும் வெற்றி. குரைத்தும் போகாதவர் என்று ஒருவரும் இல்லை.

உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898இல் பூனைகளைக் கூண்டுப் பெட்டியில் அடைத்துப் பார்த்தார். பூனை தடுமாறித் தற்செயலாகத் தாழ்ப்பாளைத் தட்டிவிட்டு வெளியே வரும். மறுபடி அடைத்தால் கொஞ்சம் சீக்கிரம் வரும். நல்ல பலன் தந்த செயல் மனதில் ஆழப் பதிகிறது என்பது அவர் கண்ட விதி. பின்னால் வந்த உளவியலாளர் ஸ்கின்னர் இதை விரித்து, பலன் என்பது கிடைப்பதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, தொல்லை ஒன்று நீங்குவதாகவும் இருக்கலாம் என்றார். எதிர்மறை வலுவூட்டல் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். பலர் அதைத் தண்டனை என்று தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். தண்டனை செயலைக் குறைக்கும், இது செயலை வளர்க்கும். தலைவலி போனதால் அந்த மாத்திரையை மறுபடி தேடுகிறோமே, அதுதான். டைகருக்குக் குரைப்பு ஒரு மாத்திரை. அது ஒவ்வொரு நாளும் வேலை செய்கிறது. அவன் கெட்ட நாய் இல்லை. நன்றாகப் பாடம் கற்ற நாய்.

நாம் என்ன செய்கிறோம்? "ஏய் டைகர், சும்மா இரு!" என்று உள்ளிருந்து கத்துகிறோம். எசமானியும் சேர்ந்து குரைக்கிறார் என்றுதான் அவனுக்குப் படும். பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்துகொள்ளும். ஒரு நாள் கத்திப் பார்த்து, ஒரு நாள் வெறுத்துப்போய் பிஸ்கட் கொடுத்து வாயடைத்தால் இன்னும் மோசம். எப்போது பலன் வரும் என்று தெரியாத பழக்கம்தான் விடவே விடாது. சூதாட்டம் விடாத காரணமும் இதுவே. இன்னொன்றும் உண்டு. பலனை அடியோடு நிறுத்தினால், குறைவதற்கு முன் குரைப்பு சில நாள் கூடும். அணையப்போகிற விளக்கு சுடர்விடுவது போல. அந்த நேரத்தில்தான் பெரும்பாலோர் மனம் தளர்ந்து பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறார்கள்.

குரங்கைப் போகாதே என்று நாம் நிறுத்தி வைக்க முடியாது. அதனால் குரைப்பின் பலனைப் பறிப்பது இங்கே நடக்காது. மாற்ற முடிந்தது ஒன்று: குரங்கு என்றால் என்ன என்ற பொருள். இங்கே ரஷ்ய உடலியலாளர் பாவ்லவ் வருகிறார். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்கு. ஆனால் உலகம் நினைவு வைத்திருப்பது, உணவு வருவதற்கு முன்னாலேயே எச்சில் ஊறிய அவருடைய நாய்களை. ஒரு குறி முன்னால் வந்து, உணவு பின்னால் வந்தால், குறிக்கே உடம்பு மகிழத் தொடங்கும். வரிசையைத் திருப்பிப் போட்டால் பாடம் ஏறாது.

ஆகவே செய்முறை இது. வேகவைத்த கோழியைக் கொண்டைக்கடலை அளவுக்குப் பிய்த்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். உப்பு வேண்டாம், எலும்பு வேண்டாம். நம் வீட்டுக் கறிக்குழம்பு மிச்சம் கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பில்ட்டாங் என்ற உலர் இறைச்சியிலும் உப்பு அதிகம். டைகரை வாரில் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்து எவ்வளவு தொலைவில் நின்றால் குரங்கைப் பார்த்தும் அவனால் சாப்பிட முடிகிறதோ, அங்கே நில்லுங்கள். அக்கா வீட்டில் அது சமையலறை வாசல். அவன் பார்வை குரங்கில் விழுந்த ஒரு விநாடிக்குள் ஒரு துண்டு. குரங்கு தெரிகிற வரை துண்டு துண்டாக. குரங்கு மறைந்ததும் கிண்ணமும் மறைய வேண்டும். கோழியை முன்னால் காட்டிவிட்டால் வரிசை கெட்டுவிடும். பிறகு கோழிதான் குரங்கு வரப்போவதற்கு எச்சரிக்கை ஆகும்.

"குரைக்கிறவனுக்குக் கோழியா? லஞ்சம் மாதிரி இல்ல?" என்று அக்கா கேட்டார். நியாயமான சந்தேகம். ஆனால் அடியில் இருப்பது பயமும் பதற்றமும். பயந்த குழந்தைக்கு இனிப்புக் கொடுத்தால் அது அடுத்த முறை அதிகமாகப் பயப்படாது. பயத்துக்குக் காரணமானதன்மேல் வேறு நினைவு படியும். நாய் துண்டை மதிக்காமல் குரைத்துக்கொண்டே இருந்தால், மிக அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள். இன்னும் நாலடி பின்னால் வாருங்கள்.

பாடம் நடக்கும் வாரங்களில் மற்ற நேரத்தில் ஒத்திகையைத் தடுக்க வேண்டும். ஒவ்வொரு குரைப்பும் பழைய பாடத்தை ஒருமுறை கூடப் படிப்பதுதான். கம்பிக் கேட்டில் நிழல்வலை கட்டி தெருவை மறைத்தாலே பாதி குறையும். அவகாடோவைப் பழுக்குமுன் பறித்துவிடலாம். குப்பைத்தொட்டிக்கு இறுக்கமான மூடி. மாலையில் குரங்கு வரும் நேரத்துக்கு முன் ஒரு நடை. இழுத்துக்கொண்டு ஓடும் நடை வேண்டாம், மோந்து மோந்து போகிற நடை. மோப்பப் பயிற்சி பெற்ற நாய்கள் பலன் உண்டா இல்லையா என்று தெளிவில்லாத சூழலில் கூடுதல் நம்பிக்கையோடு நடந்துகொள்வதாக 2019இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பெரிய பதற்றம் ஒன்று வந்தால் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறி, இறங்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் அடுத்த சத்தம் வந்தால் அதன்மேல் ஏறும். ஆகவே ஒரு குரைப்புக்கூத்து முடிந்ததும் அமைதியான அறையில் மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்து விட்டுவிடுவது நல்லது.

இயற்கை முறை என்று விற்கப்படுபவை பற்றியும் கேட்டார். சில உண்மை. பெல்ஃபாஸ்டில் டெபோரா வெல்ஸ் குழுவினர் காப்பகத்து நாய்களுக்குப் பாட்டுப் போட்டுப் பார்த்தார்கள். மேற்கத்தியச் செவ்விசையில் நாய்கள் அமைதியாகப் படுத்தன, ஹெவி மெட்டலில் குரைப்பு கூடியது. லாவெண்டர், சாமோமில் வாசனைகளிலும் ஓய்வு கூடிக் குரல் குறைந்தது. அது காற்றில் லேசான வாசனை. எண்ணெயை நாயின்மேல் தடவுவது வேறு கதை, டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு. வாசனையும் இசையும் துணைதான், பாடத்தின் இடத்தை அவை பிடிக்காது.

குரைத்தால் மின் அதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டையை நான் வெறுக்கிறேன். காரணம் வெறும் இரக்கம் மட்டுமல்ல, அறிவியலும்கூட. பாவ்லவின் விதி அங்கேயும் வேலை செய்யும். தெருவில் பக்கத்து வீட்டுக் குழந்தை தெரிகிறது, நாய் குரைக்கிறது, கழுத்தில் வலிக்கிறது. குழந்தை என்றால் வலி. வாய் அடங்கும், பயம் வளரும். எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாயை இப்படித்தான் நாமே உருவாக்குகிறோம்.

மாமியார் சொன்ன ஊளைக்கு வருகிறேன். பைரவரின் வாகனத்தை நம் பெரியவர்கள் மதித்தது அழகான பழக்கம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஊளை சாவுக்கு அறிகுறி என்பதை ஏற்க மாட்டேன். ஓநாய்க் குடும்பத்தில் ஊளை என்பது தொலைவில் இருப்பவரைக் கூப்பிடும் குரல். ஆம்புலன்ஸின் நீண்ட, ஏறி இறங்கும் ஒலி அதைப் போலவே இருப்பதால் பதில் வருகிறது. ஆம்புலன்ஸ் போன வீட்டில் சில நேரம் சாவும் நடக்கிறது, நாய்மேல் பழி விழுகிறது. வயதான நாய் இரவில் அழுதால் மூட்டுவலி, காது மந்தம், மூளைத் தேய்வு எதுவாகவும் இருக்கலாம். கழுத்தில் தாயத்தும் எலுமிச்சம்பழமும் கட்டிவிட்டு வலியோடு விடுவதுதான் எனக்குக் கோபம் தருகிறது. முக்கியமான ஒன்று: டர்பன் இருக்கும் குவாசூலு நட்டால் மாகாணத்தில் நாய்களிடம் வெறிநோய் இன்னும் ஒழியவில்லை. நோய் நரம்புகளைத் தாக்கித் தொண்டைத் தசைகளைச் செயலிழக்க வைப்பதால் குரல் மாறும். நேற்றுவரை ஒரு மாதிரி குரைத்த நாய் இன்று கரகரத்து, விழுங்க முடியாமல், வேறு குணத்தோடு இருந்தால் தொடாதீர்கள், உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம்.

தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே கால்நடை மருத்துவப் புலம்தான், பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஓண்டர்ஸ்டெபூர்ட். ஆய்வுப் பணம் மாட்டு நோய்க்கும் வெறிநோய்க்கும் போக வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் மேலே சொன்ன குரைப்பு ஆய்வுகள் புடாபெஸ்ட், கலிஃபோர்னியா, பெல்ஃபாஸ்ட் என்று வெளியே நடந்தவை. சுவரில் குரங்கும், தெருவில் அலாரமும், வீட்டுக்கு வீடு காவல் நாயுமாக இருக்கும் சாட்ஸ்வர்த்தைவிட நல்ல ஆய்வுக்கூடம் எங்கே கிடைக்கும்? டர்பன் மாணவர் இருவருக்கு ஒலிப்பதிவுக் கருவியும் இரண்டு வருட உதவித்தொகையும் யாராவது கொடுக்க வேண்டும்.

ஆறாவது வாரம் அக்காவிடமிருந்து செய்தி. "இன்னைக்கு ரெண்டே ரெண்டு தடவைதான் குரைச்சான் தம்பி. அப்புறம் குரங்கை விட்டுட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்." அந்தத் தலைத்திருப்பம்தான் நாம் காத்திருந்தது. குரங்குக்குப் புதுப் பொருள் வந்துவிட்டது.

அடுத்த கவலை தீபாவளிப் பட்டாசு, அதை ஒட்டி வரும் நவம்பர் 5 வாணவேடிக்கை (கை ஃபாக்ஸ் இரவு என்ற ஆங்கிலேயர் வழக்கம்). வழி அதேதான், தொடக்கம் மட்டும் இரண்டு மாதம் முன்னால்: பதிவு செய்த வெடிச்சத்தத்தை நாய் காதை அசைக்கும் அளவுக்கு மட்டும் வைத்து, பின்னாலேயே கோழி. அன்று இரவு உள்ளறை, திரை, விசிறிச் சத்தம், கூட ஒருவர். மிகவும் நடுங்கும் நாய்க்கு மருந்து உண்டு, மருத்துவரை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். அக்கா வீட்டில் பயிற்சி தொடங்கிவிட்டது. கைப்பேசியில் வெடிச்சத்தம் மெல்லக் கேட்கிறது, டைகர் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். கோழிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு துண்டு துண்டாகப் போடுவது மாமியார்.