ஹுகார் ஏன் ஹுவேகொ ஆகிறது?

கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடியிலிருந்து, ஸ்பானிஷ் படிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “விளையாடுவது ‘ஹுகார்’. நான் விளையாடினால் ‘ஹுவேகொ’. நாம் விளையாடினால் மறுபடி ‘ஹுகாமொஸ்’. எதுக்கு சார் இந்த வம்பு?”

பதிலுக்கு முன் ஓர் ஏற்பாடு. இந்தக் கட்டுரையில் ஸ்பானியச் சொற்களில் அழுத்தம் விழும், அதாவது குரல் ஓங்கி ஒலிக்கும், அசையை மட்டும் நெடிலாக எழுதுகிறேன். நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் நிகழ்காலத்தின் ஆறு வடிவங்கள் இவை: ஹுவேகொ, ஹுவேகஸ், ஹுவேக, ஹுகாமொஸ், ஹுகாய்ஸ், ஹுவேகன். நாம், நீங்கள் என்ற இரண்டில் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுகிறது. அங்கே பகுதி மாறுவதில்லை. மற்ற நான்கில் அழுத்தம் பகுதியிலேயே விழுகிறது. அங்கே ‘உவே’ வருகிறது. பாடப்புத்தகங்கள் அட்டவணையில் இந்த நான்கையும் சுற்றி பூட்ஸ் வடிவப் படம் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும். காரணத்தைச் சொல்லாத படம் தேர்வுக்கு மட்டும்தான் உதவும்.

காரணம் லத்தீனில் இருக்கிறது. தமிழைப் போலவே லத்தீனிலும் எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு உண்டு. ரோமானிய எழுத்து பொதுவாக அதைக் காட்டாது. நம் எழுத்து காட்டும். ‘இழ’ என்பதற்கு லத்தீனில் பெர்தெரெ, குறில். ‘கடன்படு’ என்பதற்குத் தேபேரெ, நெடில்.

பேச்சு லத்தீனில் இந்த நீள வேறுபாடு மெல்ல அழிந்தாலும் தடம் விட்டுப் போனது. பழைய குறிலுக்கு வாய் அகலத் திறந்தது, நெடிலுக்கு ஒடுங்கியது. அழுத்தம் விழுந்த அசையைச் சற்று இழுத்துத்தான் சொல்வார்கள். அந்த இழுப்பில் அகன்ற உயிர் ஒரே நிலையில் நிற்க முடியாமல் பிளந்தது: எ ‘இயே’ ஆனது, ஒ ‘உவே’ ஆனது. ஒடுங்கிய உயிர் அசையவில்லை. அழுத்தம் இல்லாத இடத்திலோ இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன.

ஆகவே இன்று பெர்தேர், தெபேர் என்று அகராதியில் பார்த்தால் இரண்டும் ஒரே ஜாதி. ‘நான்’ என்று சொல்ல வைத்தால் குட்டு வெளிப்படும்: பியேர்தொ, ஆனால் தேபொ. அழிந்துபோன குறிலும் நெடிலும் இன்றைய பேச்சில் ஒளிந்திருந்து தலைகாட்டுகின்றன! இது வினையோடு நிற்பதும் இல்லை. கதவு ‘புவேர்த்த’, கோல்கீப்பர் ‘பொர்த்தேரொ’. அழுத்தம் நகர்ந்ததும் பிளவு மறைந்துவிட்டது. பக்கத்து மொழியான போர்த்துகீசியத்தில் இந்தப் பிளவு நடக்கவே இல்லை. அங்கே கதவு இன்றும் ‘போர்த்த’.

வாசகியின் ஹுகாருக்கு மட்டும் ஒரு மாறுவேடம் கூடுதல். அதன் மூலம் லத்தீனில் ‘கேலி பேசு’ என்னும் வினை, பகுதியில் குறில் ஒ. அழுத்தம் விழுந்த இடத்தில் அந்த ஒ முறைப்படி ‘உவே’ ஆனது. அழுத்தமில்லாத இடத்தில் அது பின்னாளில் உ ஆகிவிட்டதால், உ-விலிருந்து உவே பிறந்தது போலத் தெரிகிறது. இந்த வகையில் இது ஒன்றுதான்.

அர்ஜென்டினாவில் ‘நீ’ என்பதற்கு ‘வோஸ்’ என்பார்கள். அதன் வினையில் அழுத்தம் கடைசி அசைக்குப் போகும்: வோஸ் ஹுகாஸ். உடனே ‘உவே’ காணாமல் போகிறது பாருங்கள். இப்படிச் சோதித்துப் பார்க்க முடிவதால்தான் இதற்கு ஒலி விதி என்று பெயர். நாலு சொல் ஒத்துப்போனதும் உலக மொழியெல்லாம் நம்மிடமிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்புகிறவர்கள், அதே பட்டியலை இந்தச் சோதனைக்கு ஒருமுறை உட்படுத்தலாம்.

விதியை மீறும் சொற்களும் உண்டு. ‘விதை’ என்னும் செம்ப்ரார் லத்தீனில் நெடில். ‘நான்’ வடிவமோ சியேம்ப்ரொ. பிளக்கும் வினைகளின் கூட்டத்தைப் பார்த்து அதுவும் கூடவே போய்விட்டது. பெதீர்–பீதொ (கேள்–கேட்கிறேன்) போல எ வெறும் இ ஆவது ‘ஈர்’ என முடியும் வினைகளில்தான். அதன் காரணம் வேறு.

தமிழில் அழுத்தத்தால் சொல்லின் பொருள் மாறாததால் நம் காது அதைக் கவனிப்பதில்லை. தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஸ்பானிஷில் உயிர், ன், ஸ் ஆகியவற்றில் முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம், மற்றவற்றுக்குக் கடைசியில், மாறினால் மேலே கோடு இருக்கும். அகராதி வடிவத்தை வைத்துப் பிளவை ஊகிக்க முடியாது. எனவே நோட்டில் பெர்தேர்–பியேர்தொ, தெபேர்–தேபொ என்று ஜோடியாகவே எழுதுங்கள். ஹுகாரிலிருந்து நேரே ‘ஹூகொ’ என்று சொன்னால் அது பழச்சாறு. இறந்தகாலத்தில் ‘நான் விளையாடினேன்’ என்பதன் எழுத்தில் உ, எ இரண்டும் தெரியும். அதைப் பார்த்து ‘ஹுகுவே’ என்று படிக்காதீர்கள். அந்த உ, க ஒலியைக் காப்பாற்ற வந்த எழுத்து மட்டுமே. உச்சரிப்பு ‘ஹுகே’, அழுத்தம் விகுதியில் இருப்பதால் பகுதியில் பிளவு இல்லை.