முன் அனுமதியா, முன் ஒப்புதலா?

"மகளுக்கு எழுதின ஊசிக்கு முன் அனுமதி கிடைக்கலையாம். அரசாங்கம் தடை பண்ணின மருந்தா தம்பி?" செங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பதறிப்போய்க் கேட்டார். மகள் இருப்பது அமெரிக்காவில். முடக்குவாதத்துக்கு அடாலிமுமாப் ஊசி.

அவரைக் குழப்பியது அந்தச் சொல்தான். மருத்துவக் காப்பீட்டில் வரும் ப்ரையர் ஆத்தரைசேஷன் என்பதை முன் அனுமதி என்று பெயர்த்துவிடுகிறோம். அனுமதி வடமொழிச் சொல். அதைக் கேட்டதும், இல்லாவிட்டால் செய்யவே கூடாது என்றுதான் மனதில் படுகிறது. திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குப் போனால் அங்கும் இதே சொல்தான், மலையாளத்தில் 'முன்கூர் அனுமதி'. நம் முன்ஜாமீன் அவர்களுக்கு முன்கூர் ஜாமியம். எங்கள் ஊர் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்ததால், அந்த மொழி இங்கே யாருக்கும் அந்நியமில்லை.

ஆத்தரைசேஷனின் வேர் லத்தீன் 'ஆக்டர்'. ஒன்றை உண்டாக்குபவர், வளர்ப்பவர் என்று பொருள். நூலாசிரியரைக் குறிக்கும் 'ஆத்தர்' பிறந்ததும் அதிலிருந்துதான். அதிகாரம் என்ற பொருள் பின்னால் ஏறியது.

சரி, நடைமுறையில் என்ன நடக்கிறது? விலை கூடிய சில மருந்துகளுக்குப் பணம் தருமுன், அது ஏன் தேவை என்று மருத்துவரிடம் காப்பீட்டு நிறுவனம் விளக்கம் கேட்கிறது. சில நேரம், முதலில் விலை குறைந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறது. அமெரிக்காவில் மூத்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் மருந்துத் திட்டத்தில் முடிவு சொல்ல 72 மணி நேரம், அவசரமானால் 24 மணி நேரம். நம் நாட்டில் இது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்வதோடு வருகிறது. கவுண்டரில் 'ப்ரீ ஆத்' என்பார்கள். கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கை.

ஆக, நிறுவனம் அனுமதிப்பது மருந்தை அல்ல; அதன் செலவை ஏற்கத்தான் ஒத்துக்கொள்கிறது. அதனால் 'முன் ஒப்புதல்' என்பதே பொருத்தம். 'முன் இசைவு' இன்னும் அழகு. இசைதல் என்றாலே ஒத்துப்போவதுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தருவதை இசைவாணை என்கிறோமே. ஆனால் மருந்துக்கடை வாசலில் நிற்பவருக்குச் சட்டென்று புரிவது ஒப்புதல்தான்.

"காசு கொடுக்க கம்பெனி இன்னும் ஒத்துக்கலை, அவ்வளவுதான் பெரியம்மா" என்றேன்.

"அப்போ டாக்டர் எழுதினது சரியான மருந்துதானே?" என்று கேட்டுவிட்டு, மகளுக்குப் போன் போடப் போனார்.