பையில் அச்சாகாத ஆபத்துகள்

கடையில் வாங்கும் நாய் உணவு, பூனை உணவு பற்றிச் சந்தேகம் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று சொற்களில் விரலை வைக்கிறார்கள்: இறைச்சி உபபொருள், மக்காச்சோளம், பதப்படுத்தி. கேட்பது நியாயம்தான். ஆனால் விலங்குகளைக் கூட்டமாகச் சிறுநீரகச் செயலிழப்பிலும் கல்லீரல் செயலிழப்பிலும் தள்ளிய உணவுகளை எடுத்துப் பார்த்தால், கேடு செய்த பொருளின் பெயர் பையில் இருந்ததில்லை. பட்டியலைப் படித்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் சிக்கல்.

முதலில் பட்டியலையே பார்த்துவிடுவோம். மூலப்பொருள்கள் எடை வரிசையில் எழுதப்படுகின்றன. அந்த எடை, சமைப்பதற்கு முன் எடுத்தது. பச்சைக் கோழியிறைச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். உலர் உணவாக வெளிவரும்போது ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு இறங்கிவிடுவதால், முதலிடத்தில் இருந்த கோழி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. நான்காவதாக நிற்கும் 'கோழி இறைச்சித் தூள்' ஏற்கெனவே உலர்ந்தது. அதில் சுருங்க ஒன்றுமில்லை. உணவிலுள்ள புரதத்தின் பெரும்பங்கு அதிலிருந்தே வந்திருக்கலாம். இன்னொரு வித்தை பிரித்து எழுதுவது. பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என்று நான்காக்கினால் ஒவ்வொன்றும் கீழே போய்விடும். நான்கையும் கூட்டினால் இறைச்சியை முந்தியிருக்கும்.

உபபொருள் என்றால் கழிவு என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஈரல், சிறுநீரகம், மண்ணீரல், நுரையீரல் போன்றவைதான் அதில் முக்கியம். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோவின் வரையறையில் முடி, கொம்பு, பல், குளம்புக்கு இடமில்லை. எலி பிடிக்கும் பூனை ஈரலை ஒதுக்கிவைத்துவிட்டுத் தின்பதில்லை. எங்களுக்கு உறுத்துவது வேறு: எந்த விலங்கு என்றே சொல்லாத 'இறைச்சித் தூள்', 'விலங்குக் கொழுப்பு'. நாய்களின் உணவு ஒவ்வாமைக்கு மாட்டிறைச்சி, பால்பொருள், கோழி, கோதுமை ஆகியவை அடிக்கடி காரணமாகின்றன. விலங்கின் பெயரே தெரியாத பையை வைத்துக்கொண்டு எதைத் தவிர்ப்பது? ஒவ்வாமை எதனால் என்று கண்டறிய எட்டு வாரச் சோதனை உணவு கொடுக்கும்போது கடையில் கிடைக்கும் 'ஒரே இறைச்சி' உணவுகளையும் நம்ப முடியாது. பையில் எழுதாத இறைச்சி அவற்றில் கலந்திருப்பது ஆய்வகச் சோதனைகளில் பலமுறை தெரியவந்திருக்கிறது.

புரதக் கணக்கு

டின் உணவில் புரதம் 10 சதவீதம், உலர் உணவில் 26 சதவீதம் என்று இருந்தால், டின் மட்டம் என்று தோன்றும். தண்ணீரைக் கழித்துப் பாருங்கள். டின்னில் ஈரப்பதம் 78 என்றால் மீதி 22. பத்தை 22-ஆல் வகுத்தால் 45 சதவீதம். உலர் உணவில் 26-ஐ 90-ஆல் வகுத்தால் 29 சதவீதம். மாவுச்சத்தைப் பல பைகளில் அச்சிடுவதே இல்லை. புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் (தாதுக்கள்) ஐந்தையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது அதுதான். சாம்பல் போடாவிட்டால் உலர் உணவுக்கு 7 என்று வைத்துக்கொள்ளலாம். 26, 12, 4, 10, 7 என்றால் மாவுச்சத்து 41. அச்சிட்ட எண்கள் குறைந்தபட்சமும் அதிகபட்சமுமாக இருப்பதால் இது தோராயக் கணக்கே.

ஆனால் அந்தப் புரத எண்ணே புரதத்தை நேரடியாக அளந்ததல்ல. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்த முறை கேட்பதில்லை. 2007-இல் வட அமெரிக்காவில் வெடித்த மெலமைன் விவகாரம் இந்த ஓட்டையில்தான் நுழைந்தது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜனாக உள்ள மெலமைனை, சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்திலும் அரிசிப் புரதத்திலும் கலந்திருந்தார்கள். கூடவே இருந்த சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து அது சிறுநீரகக் குழாய்களில் படிகமாகி அடைத்தது. பையில் 'கோதுமை குளூட்டன்' என்று மட்டும்தான் இருந்தது.

கலப்படத்துக்கு ஒருவர் வேண்டும். பூஞ்சைக்கு அதுகூட வேண்டாம். மக்காச்சோளத்தில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நச்சைச் சுரக்கிறது. உணவைச் சூட்டில் அழுத்தித் தயாரிக்கும்போது பூஞ்சை செத்துவிடும், நச்சில் கணிசமான பகுதி தங்கிவிடும். செல்லப்பிராணி உணவில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ நடவடிக்கை எடுக்கிறது. 2020 இறுதியில் அங்கே நாய்கள் இறந்ததற்கும் இதே நச்சுதான் காரணம். முகர்ந்து பார்த்தால் தெரியாது, உருண்டைகளின் நிறத்திலும் தெரியாது. தின்ன மறுப்பது, சோர்வு, வாந்தி, ஈறும் கண்வெள்ளையும் மஞ்சளாவது ஆகியவை அறிகுறிகள். மஞ்சள் தெரியும்போது கல்லீரல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும்.

அப்படியானால் தானியமே இல்லாத உணவு வாங்கிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். பரம்பரையாக இதயநோய் வராத இன நாய்களிலும் இதயத் தசை தளர்ந்து விரியும் நோய் தென்படுவதாக 2018 ஜூலையில் எஃப்டிஏ எச்சரித்தது. அவற்றில் பல, பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு மிகுந்த தானியமில்லா உணவைத் தின்றவை. காரண உறவு இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனாலும் மருத்துவக் காரணம் இல்லாமல் அந்த உணவுக்குக் கூடுதல் பணம் கொடுக்க நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

வைட்டமின் முன்கலவையில் நேரும் தவறு இன்னொரு வகை. ஒரு டன் உணவில் சில கிலோ சேரும் தூள் அது. அதில் வைட்டமின் டி பலமடங்கு கூடிவிட்டால், இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். 2018, 2019-இல் நாய் உணவுகள் இதற்காகத் திரும்பப் பெறப்பட்டன. நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்து, அதிகமாகச் சிறுநீர் கழித்து, எச்சில் வடித்து, மெலிந்துகொண்டே போனால் இரத்தத்தில் கால்சியமும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும்.

குறைந்தாலும் ஆபத்துதான். பூனைக்கு டாரின் என்ற அமினோ அமிலம் உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் இதயம் விரிவடைவதை 1987-இல் வெளியான ஆய்வு காட்டியது. உலர் உணவில் 0.1 சதவீதமும், டின் உணவில் 0.2 சதவீதமும் குறைந்தபட்சம். நாய் உணவுக்கு இந்த நிபந்தனை கிடையாது. வீட்டில் இரண்டும் இருக்கிறதென்று பூனைக்கும் நாய் உணவையே போடுவது இதனால்தான் கூடாது. பையில் 'முழுமையான, சமச்சீரான உணவு' என்ற வரியும், எந்த வயதுக்கு என்ற குறிப்பும் இருக்கிறதா என்று தேடுங்கள். 'துணை உணவு' என்றிருந்தால் ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

இதற்கெல்லாம் பயந்து வீட்டிலேயே சமைப்பவர்களுக்கு ஒரு தகவல்: நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், 95 சதவீதக் குறிப்புகளில் ஏதேனும் ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. வெறும் கோழியும் சோறுமாகப் போட்டால் முதலில் விழுவது கால்சியம்.

பதப்படுத்தியும் பை அளவும்

எத்தாக்சிக்வின் என்ற செயற்கைப் பதப்படுத்திக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அனுமதியை நிறுத்திவைத்தது. அதைத் தவிர்க்க நினைப்பது சரி. ஆனால் பதப்படுத்தியே இல்லாத கொழுப்பு கெட்டுச் சிக்கடிக்கும். அதுவும் உடலுக்குக் கேடு. வைட்டமின் ஈ வகையைச் சேர்ந்த டோக்கோஃபெரால் பாதுகாப்பானது, ஆனால் அதன் காவல் குறுகிய காலமே. பூனை வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நாய்களுக்கான மென்மையான தின்பண்டங்களில் சேரும் புரொப்பிலீன் கிளைக்கால் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

திறந்த பையில் கொழுப்பு கெடும் என்பதால் பையின் அளவும் ஒரு பாதுகாப்பு விஷயம். பத்துக் கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 630 கலோரி போதும். கிலோவுக்கு 3,500 கலோரி உள்ள உணவில் அது 180 கிராம். மாதத்துக்கு ஐந்தரைக் கிலோ. மலிவென்று 15 கிலோ பை வாங்கினால் 83 நாள் திறந்து கிடக்கும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் முடியும் பைதான் நல்லது. உணவை டப்பாவில் கொட்ட வேண்டாம். பையோடு மடித்துக் கவ்வி போட்டு, காற்றுப் புகாத டப்பாவுக்குள் வையுங்கள், 27 டிகிரிக்குக் கீழே. கொட்டிவைத்தால் முந்தைய பையின் எண்ணெய்ப் பிசுக்கு டப்பாவின் சுவரில் கெட்டுப்போய்ப் புது உணவையும் கெடுக்கும். பையில் அச்சிட்ட தயாரிப்புத் தொகுதி எண்ணும் பையோடு குப்பைக்குப் போய்விடும்.

அந்த எண் இல்லாமல் தயாரிப்பாளரிடம் பேசுவதில் பயனில்லை. உணவுமேல் சந்தேகம் வந்தால் உடனே நிறுத்தி, வேறு நிறுவனத்தின் முழுமையான உணவுக்கு மாற்றுங்கள். ஏழு நாளில் படிப்படியாகக் கலந்து மாற்றும் வழக்கமான முறை இங்கே பொருந்தாது. வயிறு சற்று இளகினாலும் பரவாயில்லை. பழைய பையைத் தூக்கியெறியாமல் கட்டி, மற்ற விலங்குகளும் குழந்தைகளும் எட்டாத இடத்தில் வையுங்கள். தொகுதி எண், காலாவதித் தேதி இரண்டையும் படமெடுத்து, எந்த நாளிலிருந்து எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அரைக் கிலோவாவது மிச்சம் இருந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பூஞ்சை நச்சு ஒரு பையிலேயே எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. அதனால் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளாமல், மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்து அனுப்புங்கள்.