தேய்த்தால் போகாத காவி

“எவ்வளவு தேய்த்தாலும் போக மாட்டேங்குது டாக்டர்” என்று சொல்லிக்கொண்டே, தருமபுரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த தாய், தம் ஒன்பது வயது மகளின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பற்கள் இரண்டிலும் சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெண்திட்டுகள். நடுவே காவிக் கோடுகள். செங்கல் பொடியால் தேய்த்ததில் ஈறுதான் புண்ணாகியிருந்தது.

இந்தக் காவி வெறும் மேலழுக்கு அன்று; பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருந்தபோதே, குடிநீரில் கரைந்துவரும் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுந்ததால் நேர்ந்த குறையின் விளைவு.

பல்லின் கடினமான மேலுறையான எனாமலை உருவாக்கும் அமெலோபிளாஸ்ட் செல்கள் முதலில் சுரப்பது குழைவான ஒரு புரதக் கூழை. எலும்பிலும், எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினிலும் இருக்கும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் இதில் இல்லை. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அமெலோஜெனின் என்னும் புரதமே. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், இப்புரதம் சுமார் 20 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்ணுருண்டைகளாகத் திரண்டிருப்பதும், அவற்றினூடே கனிமப் படிகங்கள் மெல்லிய நாடாக்களாக நீண்டு வளர்வதும் தெரியும். தளம் இறுகியதும் சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பதுபோல, எம்எம்பி-20 என்னும் நொதி முன்பே துண்டாடத் தொடங்கிய இப்புரதத்தை, படிகங்கள் நீண்டு முடிந்ததும் கேஎல்கே-4 என்னும் நொதி மேலும் சிதைத்து வெளியேற்ற, காலியான இடத்தில் படிகங்கள் பருத்து நெருங்குகின்றன. முதிர்ந்த எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். புரதம் ஒரு சதவீத அளவுக்கே எஞ்சும்.

மிகுதியான ஃபுளோரைடு இந்த வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. புரதம் தங்கிய இடங்களில் படிகங்கள் பருக்க முடியாமல், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நுண்துளைகள் நின்றுவிடுகின்றன. பல் முளைத்த பின் அவற்றில் கறை ஏறுகிறது. அதற்குள் அமெலோபிளாஸ்ட் செல்கள் அழிந்துவிடுவதால், உடல் தானாக இதைச் சரிசெய்ய வழியில்லை.

அந்தச் சிறுமிக்கு, எனாமலின் மேற்படலத்தை மிக மெல்லியதாக நீக்கும் சிகிச்சையும் ரெசின் பூச்சும் போதுமானவை. எனக்குக் கவலை தந்தது, தாயின் இடுப்பில் இருந்த எட்டு மாதக் குழந்தை. பால்பற்கள் விழுந்த பின் முளைக்கும் மேல்தாடை நடு முன்பற்கள் இரண்டின் எனாமல், குழந்தை பிறந்த மூன்று, நான்கு மாதத்திலேயே உருவாகத் தொடங்கிவிடும். அவ்விரு பற்களுக்கும் முதல் மூன்று ஆண்டுகளே மிக முக்கியமானவை. தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு. ஆனால் பால்பவுடரைக் கலப்பது எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன். “போர் தண்ணிதான் டாக்டர், நல்லாக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன்” என்றார். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதே வரம்பு. தெருக்குழாயில் வரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரைக் குழந்தைக்குத் தனியாகப் பிடித்துவைக்கச் சொன்னேன். போர் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.