ஐந்து மணிக்கே இருட்டும் ஊர்: போர்ட் பிளேர் போகிறவர்களுக்கு

கடலூர் தேவனாம்பட்டினக் கரையிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால் அது ஏறக்குறைய அந்தமானின் போர்ட் பிளேரில் போய் முட்டும். இரண்டு ஊருக்கும் பகலின் நீளம் ஒன்றே, கடிகாரமும் ஒன்றே. ஆனால் அந்தத் தீவு நம்மைவிட 13 பாகை கிழக்கே கிடக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால், அங்கே சூரியன் நமக்கு 52 நிமிடம் முன்னதாகவே உதித்து, முன்னதாகவே மறைகிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் அந்தி. ஐந்தரைக்கு முழு இருட்டு. ஜூன் மாதத்தில்கூட ஆறு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும்.

புதுச்சேரி, கடலூரிலிருந்து குடும்பமாகப் போகிறவர்களின் திட்டம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நம்மூர்ப் பழக்கத்தில் ஒன்பது மணிக்குச் சிற்றுண்டி, பத்துக்கு வண்டி, மதியத் தூக்கம், மாலை ஐந்துக்குக் கடற்கரை என்று எழுதிவைப்பார்கள். சிடியா டாப்பு கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்க ஊருக்குள்ளிருந்து கிளம்பவேண்டிய நேரம் குளிர்காலத்தில் மூன்றரை மணி. வழி 25 கிலோமீட்டர், வளைவுச் சாலை. ஐந்துக்குக் கிளம்பினால் டார்ச் அடித்துக் கடலைப் பார்க்கலாம்! ஆகவே நாளின் திட்டத்தையே முன்னுக்கு இழுங்கள்: ஆறரைக்குக் காப்பி, ஏழரைக்கு வண்டி, மூன்று மணிக்குள் படகு வேலையெல்லாம் முடிவு.

2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. டிக்கெட் எடுக்கும்போது இரண்டு பெயரும் கண்ணில் படும், ஊர் ஒன்றுதான்.

செல்லுலார் சிறைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கும் பேக்கேஜ்களை நம்பாதீர்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த சிறை இது. நடுக்கோபுரத்திலிருந்து சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால்போல ஏழு பிரிவுகள் கிளம்பின. இன்று மூன்றுதான் நிற்கின்றன. ஓர் அறை பதின்மூன்றரை அடிக்கு ஏழரை அடி. உள்ளே போய் நின்று கதவின் தாழ்ப்பாளைப் பாருங்கள். அது கதவை ஒட்டி இல்லை. தள்ளி, வெளிச்சுவரில் ஒரு மாடக்குழிக்குள் போய் விழுகிறது. கம்பிக்கு வெளியே எவ்வளவு கையை நீட்டினாலும் எட்டாது. ஒரு பிரிவின் முகப்பு அடுத்த பிரிவின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். எதிர் அறைக்காரன் முகம் தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். யாராவது சொல்லிக் காட்டாவிட்டால் இரண்டுமே கண்ணில் படாமல் போய்விடும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. மாலை ஒலி-ஒளிக் காட்சிக்கு எடுக்கும் சீட்டில் மொழியைக் கவனியுங்கள். இந்திக் காட்சிக்குள் உட்கார்ந்துவிட்டுப் பாட்டிக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது இருவருக்குமே பாடு.

ராஸ் தீவும் (2018 டிசம்பர் முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) நார்த் பேயும் ஒரே படகுச் சுற்றில் வரும். முதலில் ராஸ், பிறகு நார்த் பே என்று போனால் உடை நனைந்த பிறகு மேடு ஏறவேண்டியிருக்காது. பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாளின் பின்பக்கத் தென்னைமரக் காட்சி இந்த நார்த் பே பக்கம்தான். தாளொன்றைக் கையோடு கொண்டுபோனால் பிள்ளைகள் ஒத்துப் பார்ப்பார்கள். அங்கே நடக்கும் ‘சீ வாக்’கில் தலைக்கவசத்தோடு கடலடியில் இறக்குவார்கள். சளி, காது அடைப்பு உள்ளவர்கள் இறங்கவே கூடாது. அடைத்த காதில் அழுத்தம் சமப்படாமல் செவிப்பறை கிழியலாம். ஸ்கூபா செய்தவர்கள் கடைசியாக மூழ்கி எழுந்ததிலிருந்து 18 மணி நேரம் விமானம் ஏறாமல் இருப்பது நல்லது. உடம்பில் கரைந்த நைட்ரஜன், உயரே போகும்போது குமிழியாக மாறும். ஆகையால் டைவிங்கை முதல் நாட்களில் வையுங்கள்.

பழைய கொள்ளிடத்து முதலையைக் கேள்விப்பட்டவர்களுக்கு ஒன்று: அந்தமானில் உள்ளது வேறு சாதி. உவர்நீர் முதலை கடலிலும் நீந்தும், உருவத்திலும் பெரியது. கார்பின்ஸ் கோவ், வண்டூர் கரைகளில் குளிப்பதற்கென்று வலை கட்டிய இடம் உண்டு. அதற்கு வெளியே, குறிப்பாக ஓடை வாயிலும் அலையாத்திக் காட்டை ஒட்டியும், அந்திக்குமேல் காலை நனைக்க வேண்டாம். வண்டூர் போகும் வழியில் சிப்பிகாட்டில் சாலையோரம் நீர் பரந்து கிடக்கும். 2004 நிலநடுக்கத்தில் தரை இறங்கிக் கடல்நீர் புகுந்த வயல்கள் அவை. அதே நாளின் அலையை நம் கரையும் பார்த்தது.

நம்மூரில் வானொலி ‘அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ என்று சொன்னால் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் குடையைத் தேடுவோம். அங்கே அன்றைக்கே படகு ஓட்டம் நின்றுவிடும். ஹேவ்லாக் தீவிலிருந்து காலையில் படகேறி அதே மதியம் விமானம் பிடிக்கும் திட்டம் அக்டோபர், நவம்பரில் சூதாட்டம். விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரிலேயே தங்குங்கள். அருங்காட்சியகங்கள் பல திங்களன்று திறக்காது, சாத்தம் மரஆலை ஞாயிறன்று திறக்காது. மிச்ச நாளை அதற்கேற்ப அடுக்கிக்கொள்ளலாம்.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு மட்டுமான ஒரு விஷயம். வீட்டில் யாராவது பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்தால் ஆதார் அட்டையோடு வரும் மற்றவர்களைப்போல அவர் போக முடியாது. 2018-இல் முன்அனுமதி விதி தளர்ந்தது உண்மை; ஆனாலும் பாஸ்போர்ட், விசா அசலாகக் கையில் இருக்கவேண்டும், இறங்கியதும் பதிவு செய்யவேண்டும். விதி மாறக்கூடியது. டிக்கெட் எடுக்குமுன்பே விசாரியுங்கள்.

கடைசியில் பெட்டி. தேவனாம்பட்டினத்தில் பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்கினால் யாரும் கேட்பதில்லை. அங்கே கரையில் ஒதுங்கிய, செத்து வெளுத்த பவளத் துண்டுகூட 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வருகிறது. விமான நிலைய ஸ்கேனரில் அது கல்லைப்போலத் தெளிவாகத் தெரியும். ‘குழந்தை எடுத்துவைத்தது’ என்ற பதில் செல்லாது. பை யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. சிப்பிப் பொருள் வேண்டுமென்றால் சாகரிகா அரசு எம்போரியத்தில் வாங்கி, ரசீதைக் கைப்பையில் வையுங்கள். படாக் மரச் சாமானுக்கும் அப்படியே. ஓட்டலைக் காலி செய்யுமுன் பிள்ளைகளின் கால்சட்டைப் பைகளை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். மண்ணோடு ஒன்றிரண்டு விழும்.