எஃப் என்றால் ஃபெயில் இல்லை

"மாமா, ஃபேன் எல்லாம் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல மட்டும் ஒண்ணுமே வரல."

அக்கா மகன் பாகம் பாகமாக வாங்கி, தானே பூட்டிய முதல் கம்ப்யூட்டர். ராத்திரி பதினோரு மணிக்கு போன். டப்பாவில் இருக்கும் பிராசஸர் பெயரைக் கடைசி எழுத்து வரை படிக்கச் சொன்னேன். "ஐ5 12400 எஃப்." கிராபிக்ஸ் கார்டு எங்கே என்றேன். "அது அடுத்த மாசம் சம்பளம் வந்ததும்."

விஷயம் அவ்வளவுதான். இன்டெல் பிராசஸர் பெயரில் எஃப் இருந்தால், உள்ளே படம் காட்டும் பகுதி வேலை செய்யாது. தனியாக கார்டு மாட்டும்வரை திரை கறுப்பாகவே இருக்கும். மறுநாள் காலை அவன் கேட்டான்: "அப்போ டிஃபெக்ட் பீஸை என் தலையில கட்டிட்டாங்களா?"

கேள்வி நியாயமானது. மற்ற எழுத்துகளை முதலில் முடித்துவிடுவோம். கே என்றால் வேகப் பெருக்கிக்குப் பூட்டு இல்லை. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை 55 மடங்காக்கினால் 5.5 கிகாஹெர்ட்ஸ். அந்த 55-ஐ நாமே ஏற்றிப் பார்க்கலாம். அதற்கு இசட் வரிசை மதர்போர்டு வேண்டும். கே வாங்கி பி வரிசை போர்டில் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கேஎஃப் என்றால் கே, எஃப் இரண்டும் சேர்ந்தது. டி (T) என்றால் மின்சிக்கனம். இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியில் எக்ஸ்3டி (X3D) என்பது நினைவக மாடி: 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியில் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான கேஷ் 32 எம்பி, அதன் தலையில் இன்னொரு 64 எம்பியை அடுக்கியிருந்தார்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இன்டெலின் ஐ9 வரிசைப் பிராசஸர்களான 14900, 14900கே, 14900கேஎஃப், 14900டி ஆகியவற்றைத் தனித்தனியாக வடிவமைப்பதில்லை. நான்கும் ஒரே அச்சு. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் தட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகளைப் பக்கத்தில் பக்கத்தில் பதிக்கிறார்கள். ஒரே தட்டு, ஒரே நாள். ஆனாலும் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒன்றில் தூசி விழுந்து ஏதோ ஒரு மூலை செத்திருக்கும். இன்னொன்று குறைந்த மின்னழுத்தத்திலேயே வேகமாக ஓடும். மெல்லிய ஊசிகளை வைத்து ஒவ்வொன்றையும் தொட்டுச் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள், மண்டியில் மாம்பழம் பிரிப்பதுபோல. எழுத்து ஒட்டுவது அதற்குப் பிறகுதான்.

டியின் சிக்கனக் கணக்கு இது. மின்செலவு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கிய அளவில் ஏறும். அழுத்தத்தையும் வேகத்தையும் 20 சதவீதம் குறைத்துப் பாருங்கள்: 0.8 × 0.8 × 0.8 = 0.512. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போகிறது, செலவு பாதியாகிறது. 14900கேயின் அடிப்படை மின்செலவு 125 வாட். அதே 24 கோர்களோடு, அதாவது கணக்குப் போடும் பகுதிகளோடு, 14900டி 35 வாட்டில் நிற்பது இந்தக் கணக்கால்தான்.

சரி, செத்த மூலையை எப்படி மூடுவது? சில்லுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஃபியூஸ்கள் இருக்கின்றன. ஒரு மெல்லிய இழை வழியாக வேண்டுமென்றே அதிக மின்னோட்டத்தை அனுப்பினால், ஓடும் எலக்ட்ரான்கள் உலோக அணுக்களை ஆற்று வெள்ளம் மணலை அரிப்பதுபோலத் தள்ளிக்கொண்டு போகும். இழை அறுந்துவிடும். பல வருடம் ஓடிய சில்லுகளை மெல்லக் கொல்லும் நோயே இதுதான். பொறியாளர்களுக்கு இது ஜென்மப் பகை. அந்தப் பகையையே வேலைக்கு வைத்துக்கொண்டு ஐபிஎம் 2004-இல் மின்ஃபியூஸை அறிவித்தது. நோயைக் கத்தியாக்கிய அந்தக் குறும்பை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

பூட்டு எப்போதும் இவ்வளவு உறுதியாக இருந்ததில்லை. 2009-இல் ஏஎம்டி விற்ற ஃபினாம் 2 எக்ஸ்3 என்ற மூன்று கோர் பிராசஸர், நான்கு கோர் சில்லில் ஒரு கோரை மூடிச் செய்தது. சில மதர்போர்டுகளில் பயாஸில் (கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் மென்பொருள்) ஒரு அமைப்பை மாற்றினால் நாலாவது கோர் எழுந்து உட்கார்ந்தது. பலருக்கு அது ஒழுங்காகவும் வேலை செய்தது. அதாவது நன்றாக இருந்த கோரையும் மூடி விற்றிருக்கிறார்கள்: மூன்று கோர் சில்லுக்குச் சந்தையில் ஆள் இருந்தது, பழுதான சில்லு போதுமான அளவு கிடைக்கவில்லை.

எஃப் வரிசை 2019 ஜனவரியில் வந்தபோது இன்டெலுக்கு 14 நானோமீட்டர் சில்லுகளில் தட்டுப்பாடு. கிராபிக்ஸ் மூலை மட்டும் கெட்ட சில்லைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? உன் சில்லில் அந்த மூலை கெட்டதா, நல்லதை மூடினார்களா என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. எப்படியானாலும் மற்ற கோர்கள் பரீட்சை பாஸ் செய்தவைதான் என்று அவனிடம் சொன்னேன்.

"அந்த நாலாவது கோர் மாதிரி இதையும் எழுப்பிவிட முடியாதா மாமா?"

அறுந்த இழை அறுந்ததுதான் என்றேன். சாயந்திரம் நண்பனிடம் பழைய கார்டு ஒன்றை இரவல் வாங்கி மாட்டிவிட்டு, ஸ்க்ரீனைப் போட்டோ எடுத்து அனுப்பினான்.