செத்த நோடும் ஓட்டுக் கணக்கில் இருக்கும்

பராமரிப்புக்காக ஒரு ப்ராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர் (நோடு எனப்படும் பல சர்வர்களை இணைத்து, விஎம் எனும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் அமைப்பு) கைக்கு வந்தால், சிபியூ, மெமரியைவிட முதலில் நான் பார்ப்பது பிவிஈசிஎம் ஸ்டேட்டஸ் கட்டளை காட்டும் ஓட்டுக் கணக்கைத்தான்; நோடுக்கு ஒரு ஓட்டு. மதர்போர்டு போய், ரேக்கிலிருந்தே கழற்றிவிட்ட சர்வர் வெப் திரையில் மட்டும் சிவப்புக் குறியோடு மாதக்கணக்கில் நிற்கும். கேட்டால், "அது பாட்டுக்கு இருக்கட்டும் சார், ஒண்ணும் தொந்தரவு இல்லை" என்பார்கள்.

தொந்தரவு இருக்கிறது. ஐந்து நோடு கிளஸ்டரில் கோரம், அதாவது கிளஸ்டர் செயல்படத் தேவையான பெரும்பான்மை ஓட்டு, 3. இரண்டு செத்துப்போன பிறகும் நீக்காமல் விட்டால், ஓட்டுகளை எண்ணும் கோரோசிங்க் மென்பொருள் இன்னமும் 5 ஓட்டுகளைத்தான் எதிர்பார்க்கும். மீதி மூன்று நோடுகள் கோரத்தின் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சனிக்கிழமை இரவு அப்டேட் போட்டு ஒரு நோடை ரீபூட் செய்கிறீர்கள். ஓட்டு 2. உடனே செட்டிங் கோப்புகள் இருக்கும் பிவிஈ ஃபோல்டர் ரீட்-ஒன்லி ஆகிவிடும். எந்த விஎம்மையும் புதிதாக ஸ்டார்ட் செய்ய முடியாது. ஓடுகிற விஎம்கள் ஓடட்டும் என்றும் இருக்க முடியாது. ஹெச்ஏவில் (ஒரு நோடு விழுந்தால் அதன் விஎம்மை வேறு நோடில் எழுப்பும் வசதி) சேர்த்த விஎம்கள் ஓடும் நோடுகளை, கோரம் போன சுமார் 60 நொடியில் வாட்ச்டாக் எனும் காவல் டைமர் ரீபூட் செய்துவிடும். ஒன்றை நிறுத்தப் போய் மூன்றும் விழும்! அந்த இரண்டையும் முன்பே நீக்கியிருந்தால் எதிர்பார்க்கும் ஓட்டு 3, கோரம் 2. அதே ரீபூட் யாருக்கும் தெரியாமல் முடிந்திருக்கும்.

நீக்குவது ஒரே கட்டளைதான், டெல்நோட். ஆனால் அதற்கு முன் வேலை இருக்கிறது. அந்த நோடை நோக்கிப் போகும் ரெப்ளிகேஷன் (விஎம் டிஸ்க்கை நகலெடுக்கும்) ஜாப்களை அழிக்க வேண்டும். அதில் செஃப் எனும் பகிர்ந்த ஸ்டோரேஜ் மென்பொருளின் மானிட்டரோ ஓஎஸ்டியோ (அதன் டிஸ்க் சேவை) இருந்தால் அவற்றை முதலில் எடுக்க வேண்டும். செத்த நோடின் பெயரில் உள்ள ஃபோல்டரில் விஎம்களின் கான்ஃபிக் கோப்புகள் கிடக்கும். டிஸ்க் ஷேர்டு ஸ்டோரேஜில் இருந்தால், அந்தக் கோப்பை உயிருள்ள நோடின் ஃபோல்டருக்கு நகர்த்தினாலே போதும், விஎம் அங்கே எழுந்துவிடும். ஆனால் பழைய நோடில் அது ஓடவில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகே நகர்த்துங்கள்.

கோரம் போன பிறகு விழித்துக்கொண்டால் டெல்நோட் வேலை செய்யாது. அப்போது எதிர்பார்க்கும் ஓட்டைக் கையால் குறைக்கச் சொல்லி இணையத்தில் ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். காணாமல் போன நோடுகள் பவர் இல்லாமல் கிடக்கின்றன என்பதை நேரில் போய்ப் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள். அறுந்தது நெட்வொர்க் கேபிள் மட்டும் என்றால், ஒரே விஎம் இரண்டு பக்கமும் ஓடி ஒரே டிஸ்க்கில் எழுதும். பேக்கப் தவிர வேறு வழி இருக்காது.

அப்புறம், நீக்கிய சர்வரைச் சரிசெய்து கொண்டுவந்து, பழைய டிஸ்க்கோடு அதே நெட்வொர்க்கில் ஆன் செய்யும் பழக்கம். பழைய கோரோசிங்க் கான்ஃபிக்கோடு எழுந்தால் கிளஸ்டரையே குழப்பிவிடும். புதிதாக இன்ஸ்டால் செய்துதான் சேர்க்க வேண்டும். அதே பெயர், அதே ஐபி கொடுத்தால் எஸ்எஸ்ஹெச் கைரேகை (சர்வரின் அடையாளக் குறி) பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வரலாம். மீண்டும் சேர்த்த அந்த நோடில் ஒருமுறை பிவிஈசிஎம் அப்டேட்செர்ட்ஸ் ஓட்டினால் சரியாகிவிடும்.